வேலன் ஆடினான், அவளைக் கேட்டானா?



நேரா கேள்விக்கே வர்றேன். சாமியாடி சொன்ன காரணம் தப்பு. ஆனா நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டார். அப்போ சாமியாடி செஞ்சது சரியா, தப்பா?

"குணமாயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். "எல்லாம் பிராடு"ன்னு இன்னொரு கூட்டம். எங்க கோலியனூர் பக்கம் டீக்கடையில இந்த ரெண்டு கூட்டமும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கும். எனக்கு ரெண்டு பதிலும் போதல. ஏன்னா இந்தக் கேள்வி நம்ம முருகன் கிட்டயே ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி கேட்கப்பட்டிருக்கு.

சங்க காலத்துல முருகனுக்கு ஆடுற பூசாரிக்குப் பேரே வேலன். கையில வேல் இருக்கும், அதனால அந்தப் பேர். ஒரு வீட்டுப் பொண்ணு சாப்பிடல, தூங்கல, உடம்பு இளைச்சுப் போச்சுன்னா அம்மா வேலனைக் கூப்பிடுவாங்க. அவர் கழங்கு போட்டுக் குறி பார்த்து, "இது முருகன் அணங்கினதால வந்த நோய்"னு சொல்லுவார். களம் அமைச்சு, தினை தூவி, ஆட்டுக்குட்டி பலி கொடுத்து ராத்திரி முழுக்க ஆடுவார். இதுதான் வெறியாட்டு. திருமுருகாற்றுப்படையில பழமுதிர்சோலைப் பகுதியில இதே மாதிரி ஒரு வழிபாட்டைக் குறமகள் நடத்துறாள். நாம இன்னிக்குக் காவடி எடுக்கும்போது வர்ற ஆட்டத்துக்குப் பின்னால இவ்வளவு பழைய கதை இருக்கு.

உலகம் முழுக்க இப்படி ஆட்கள் உண்டு. ஆங்கிலத்துல ஷாமன்னு சொல்றாங்களே, அந்தச் சொல் சைபீரியாவின் துங்கூசிய மொழிகள்ல இருந்து வந்தது. 1951-ல ஷாமன்களைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதின மிர்ச்சா எலியாடே, ஷாமனோட உயிர் உடம்பை விட்டு மேலுலகம், கீழுலகம்னு பயணம் போறதுதான் முக்கியம்னு சொன்னார். நம்ம ஊர்ல அப்படியே தலைகீழ். சாமியாடி எங்கேயும் போறதில்ல, சாமிதான் இறங்கி வருது. ஆனா செய்யுற வேலை ஒண்ணுதான்: பேரில்லாத ஒரு வேதனைக்குப் பேர் வைக்கிறது.

இப்போ நற்றிணை 34-ஐப் பாருங்க. பொண்ணுக்கு வந்தது காதல் நோய். தோழிக்கு அது தெரியும். அம்மா வேலனைக் கூப்பிட்டாச்சு, வெறியாட்டும் நடக்குது. தோழி நேரா முருகன் கிட்டயே பேசுறா: இது உன்னால வந்த நோய் இல்லன்னு உனக்கே நல்லா தெரியும், தெரிஞ்சும் வேலன் கூப்பிட்டான்னு இங்க வந்து நிக்கிறியே, நீ கடவுளாவே இருந்தாலும் அறியாமை உள்ளவன்தான், நல்லா இரு! வாழ்த்திக்கிட்டே திட்டுறா. முருகனை இவ்வளவு உரிமையோட திட்டினவங்களை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. குறுந்தொகை 362-ல இன்னொரு தோழி வேலனையே மடக்குறா. இவ்வளவு சோறும் ஆட்டுக்குட்டியும் படைக்கிறீங்களே, இவளுக்கு நோய் கொடுத்த மலைநாட்டுக்காரனோட மார்பு இந்தப் பலியைச் சாப்பிடுமான்னு கேக்குறா.

இன்னும் கூர்மையானது அகநானூறு 22. பாடினவர் பேரே வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியாட்டு நடந்த ராத்திரியே காதலன் யாருக்கும் தெரியாம வந்துட்டான், நோய் தீர்ந்துடுச்சு. சம்பந்தமே இல்லாத வேலன் அங்க பாடுபட்டதை நினைச்சு அவ சிரிக்கிறா. சர்வர் தானா சரியானதுக்கு, அன்னிக்கு ராத்திரி ட்யூட்டியில இருந்தவன் பாராட்டு வாங்குறதை ஆபீஸ்ல பார்த்தவங்களுக்கு இந்தச் சிரிப்பு நல்லா புரியும்.

இதுல கவனிங்க, அந்தக் கவிஞர்கள் யாரும் முருகன் இல்லன்னு சொல்லல. அவங்க கோபம் வேற. நடுவுல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. கழங்கைக் கேட்டாங்க, சாமியைக் கேட்டாங்க. அவளை யாருமே கேட்கல.

இது பழங்கதை இல்ல. நம்ம விழுப்புரம் மாவட்டத்துலயே, செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்துல தங்கி ஆராய்ச்சி பண்ணினவர் இசபெல் நபோகோவ். 2000-ல அவர் புத்தகம் வந்தது. பேய் பிடிச்சதா அழைச்சுட்டு வரப்படுறவங்கள்ல பெரும்பாலும் புதுசா கல்யாணமான இளம்பெண்கள். பிடிச்ச பேய் பெரும்பாலும் காதல் கைகூடாம தற்கொலை செஞ்சுக்கிட்ட இளைஞன். பேயைப் பேச வச்சு, தலையில கல்லைச் சுமக்க வச்சு, ஒரு கத்தை முடியை அறுத்துப் புளியமரத்துல ஆணி அடிச்சு விரட்டுவாங்க. காதலனை விரட்டி மனைவியை மீட்கிற சடங்குன்னுதான் அவர் இதைப் படிக்கிறார். அப்போ யாருக்காக இந்த வைத்தியம்? அவளுக்காகவா, வீட்டுக்காகவா?

என் சொந்தத்துல ஒரு அக்கா. குழந்தை பிறந்து நாலாவது மாசம் தூக்கம் போச்சு, குழந்தையைத் தூக்கவே பயந்தாங்க. மூணு தடவை கோடாங்கி கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. உடுக்கை அடிச்சு, "யாரு நீ, எந்த ஊரு, எப்போ பிடிச்ச?"ன்னு கேட்டாங்களாம். பின்னாடி அக்கா என்கிட்ட சொன்னது இது: "தம்பி, எல்லா கேள்வியும் பேயைத்தான் கேட்டாங்க. என்னை ஒருத்தரும் கேக்கல." ஏழு மாசம் கழிச்சு அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் முதல்ல கேட்டது, "ராத்திரி குழந்தையைப் பார்த்துக்க வீட்ல யாரும்மா இருக்காங்க?" அக்கா அங்கேயே அழுதுட்டாங்க. பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வு. மாத்திரை சாப்பிட்டாங்க, சரியாச்சு. இன்னிக்கும் கிருத்திகைக்கு மயிலம் மலை ஏறுறாங்க. அவங்களுக்கு அதுல எந்த முரணும் தெரியல, எனக்கும்தான்.

அதுக்காக "எல்லாம் பிராடு" கட்சிக்கு நான் போகல. கனடாவின் மேற்குக் கரையில க்வாக்கியூட்டல் மக்கள் நடுவுல கெசலித்னு ஒருத்தர். ஷாமன்களோட பொய்யை அம்பலப்படுத்தணும்னே தொழில் கத்துக்கிட்டார். வாய்க்குள்ள பஞ்சு மாதிரி இறகை ஒளிச்சு வச்சு, நாக்கைக் கடிச்சு, ரத்தம் தோய்ந்த இறகைத் துப்பி "இதோ நோய்"னு காட்டணும், அதுதான் வித்தை. இவரும் செஞ்சார், நோயாளிகள் குணமானாங்க! கடைசியில அவரே பேர் பெற்ற வைத்தியராயிட்டார். லெவி ஸ்ட்ராஸ் 1949-ல இதை வச்சு எழுதினார்: அவர் பெரிய ஷாமன் ஆனது குணப்படுத்தினதால இல்ல, பெரிய ஷாமன்னு ஊர் நம்பினதால குணப்படுத்தினார்.

நம்ம தமிழ்நாட்டுலயே இன்னும் சுத்தமான சான்று இருக்கு. வேலாயுதம்பாளையம்புதூர்ல முத்துசாமி கோயில். அங்க தங்கின 31 மனநோயாளிகளை ரகுராமும் குழுவும் ஆராய்ஞ்சு 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. சராசரியா ஆறு வாரம் தங்கினதுல நோய்க்குறி அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருக்கு. அங்க பேயோட்டமும் இல்ல, அடியும் இல்ல. காலையில எளிய பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது, கூட வீட்டு ஆள் ஒருத்தர். அவ்வளவுதான். குணப்படுத்தினது ஆட்டமோ ஆணியோ இல்ல, மனுஷனா நடத்தினது.

இதுக்கு நேர் எதிர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, தர்கா பக்கத்துல ஒரு தனியார் காப்பகத்துல தீ. சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியல. 28 பேர் செத்தாங்க. அங்கயும் குடும்பங்கள் நம்பிக்கையோடதான் விட்டுட்டுப் போனாங்க. 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுறதை எந்த வடிவத்துலயும் தடை பண்ணியிருக்கு.

அதனால ஆரம்பத்துல கேட்டதுக்கு என் பதில், "குணமாச்சா?"ங்கிறது பத்தாத கேள்வி. தலைவியும்தான் குணமானா, பேரு வேலனுக்குப் போச்சு. சாமியாடி அந்த ஆள் கிட்ட பேசினாரா? வலிக்கிற மாதிரி, அசிங்கப்படுற மாதிரி ஏதாவது செஞ்சாரா? "டாக்டர் கிட்ட போகாதே, மாத்திரையை நிறுத்து"ன்னு சொன்னாரா? கடைசியா சொன்னதைச் சொன்னார்னா, அவர் எவ்வளவு பெரிய அருளாளரா இருந்தாலும் நான் எழுந்து வந்துடுவேன். விபூதி பூசி, "நான் இருக்கேன், டாக்டரையும் பாரு தாயி"ன்னு சொல்ற பெரியவர்களும் நம்ம ஊர்ல இருக்காங்க. அவங்க காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

உங்க வீட்ல யாராவது சாப்பிடாம, தூங்காம, சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தா விபூதி வைங்க, கந்த சஷ்டி கவசம் படிங்க, யார் வேண்டாம்னு சொன்னா? கூடவே பக்கத்துல உட்கார்ந்து "என்னடா ஆச்சு?"ன்னு கேளுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. 14416-னு டெலிமானஸ் எண் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.