சாமி கொடுத்த பிள்ளை

காலச்சுவடு பதிப்பகம் 2010-இல் வெளியிட்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைக் குறித்துத் தமிழ் வாசகர்கள் இன்றளவும் இரு கட்சியாகவே நிற்கிறார்கள். ஒரு சாரார் அதை உத்தமமான சிருஷ்டி என்று கொண்டாட, மற்றொரு சாரார் அது தெய்வ நிந்தை என்றும் குலஸ்திரீகளின் மானத்துக்கு இழுக்கு என்றும் கொதிக்கிறார்கள். கதை நடப்பது கொங்கு நாட்டில்; அந்த விவகாரம் இராமநாதபுரம் பக்கத்து அபிராமத்துக்காரனுக்கு எதற்கு என்று கேட்கலாம். பிள்ளை வரம் வேண்டி இராமேசுவரத்துக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் மதபேதமின்றி நடக்கிற சீமை எங்களுடையது. ஆகையால், பிள்ளை என்பது ஆண்டவன் அருளா, வம்சத்தின் உடைமையா என்று அந்நூல் எழுப்பும் கேள்வி எங்களுக்கும் உரியதே.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊராரின் வாயில் படும் பாடுதான் கதை. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் பிள்ளையற்ற பெண்கள் கூட்டத்தில் கலந்து, முன்பின் அறியாத ஆடவனைத் தெய்வமாகவே பாவித்துக் கூடுவதும், அவ்வாறு பிறந்ததைச் சாமி கொடுத்த பிள்ளை என ஊர் ஏற்பதும் வழக்கமாக இருந்தது என்று நாவல் கூறுகிறது. இப்படிச் சித்திரித்ததற்காக 2014 டிசம்பரில் நாவலுக்கு எதிர்ப்பு மூண்டது. சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து ஊரெங்கும் விநியோகிக்கப்பட்டன. 2015 ஜனவரி 12-இல் நாமக்கல்லில் நடந்த சமாதானக் கூட்டத்துக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளன் மாண்டான் என ஆசிரியர் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் நாவல் குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

எதிர்த்தவர்களின் மனவேதனையைப் பொய்யென்று தள்ள எனக்குச் சம்மதமில்லை. வியாசர் மூலம் அம்பிகைக்கும் அம்பாலிகைக்கும் புத்திரர் பிறந்ததையும், குந்தி தேவர்களால் மக்களைப் பெற்றதையும் நாம் பக்தியோடு கேட்கிறோமே என்றால், அது யுகாந்தரத்துக் கதை, இதுவோ எங்கள் ஊர்ப்பெயரையும் எங்கள் பாட்டிமாரையும் தொடுகிறது என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், அருள் எந்த வழியாக வந்தாலும் அருளே என்று பாரதத்தில் ஒப்புக்கொண்ட மனம், அதையே ஒரு குடியானவப் பெண்ணுக்கு மறுக்குமானால், அங்கே காக்கப்படுவது தெய்வத்தின் மகிமையா, குலத்தின் கௌரவமா? மேலும், நாவலில் பாவமாகக் காட்டப்படுவது திருவிழா அல்ல. புருஷன் இசைந்துவிட்டான் என்று பொன்னாவை நம்பவைத்து அனுப்பும் சொந்த அண்ணனின் வஞ்சனையே அங்குப் பாவம். நகலெடுத்த பக்கங்களை மட்டும் கண்டவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

பொன்னா பட்ட பாட்டை எங்கள் சீமையிலும் காணலாம். பிள்ளை வரம் வேண்டி அக்கினி தீர்த்தத்தில் முழுகி, உடம்போடு ஒட்டிய ஈரச்சேலையுடன் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் நடந்து, கிணற்றுச் சுவரின்மேல் நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் கொட்டும் தண்ணீரை மூச்சுத் திணற வாங்கிக்கொண்டு, நாகர் சிலைக்கு மஞ்சள் பூசும் பெண்களை இராமேசுவரத்தில் எவரும் காணலாம். ஊர் திரும்பியதும் அவர்களிடம், "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள்; மூன்றாம் மாதமும் கேட்பார்கள்; சீமந்தத்துக்கு அழைக்காமல் விடுவார்கள். கூடவே முழுகிய புருஷனை இவ்வளவு கேட்பாரில்லை. மலடி என்ற ஏச்சை இத்தனை நுட்பமாகவும் இத்தனை கருணையோடும் எழுதிய நாவல் தமிழில் அபூர்வம். பெண்ணைத் தன் சரீரத்தில் பாதியாக வைத்த ஈசுவரனின் சந்நிதியை அது களங்கப்படுத்திவிட்டது என்று என்னால் ஒருபோதும் கருத இயலவில்லை.

எங்கள் பக்கத்து வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: எக்கட்சியில் நின்றாலும் நூலை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள், படித்தபின் வீட்டுப் பெண்களிடமும் கொடுத்து, அவர்கள் அபிப்பிராயத்தையும் கேளுங்கள்.