சாவி யாரிடம்?

சீலோ ஆலயத்தில் இரவு விளக்கு அணையுமுன் இறைவனின் குரலைக் கேட்டவன் ஒரு சிறுவன். வரவிருந்த அழிவைப் பற்றிய எச்சரிக்கை அது. வயதும் பதவியும் அனுபவமும் கொண்ட குரு ஏலிக்கு அக்குரல் கேட்கவில்லை. இப்பகுதியை மறையுரையில் விளக்கும்போது நாம் சாமுவேலின் கீழ்ப்படிதலையே பெரிதும் போற்றுகிறோம். ஆனால் ஏலியிடமும் ஒரு பெருந்தன்மை இருந்தது. விடிந்ததும் அவர் சிறுவனை அழைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லுமாறு வற்புறுத்தினார். கேட்ட செய்தி தம் குடும்பத்துக்கே எதிரானதாய் இருந்தும், பிள்ளை ஏதோ கனவு கண்டான் என்று அதைத் தள்ளிவிடவில்லை.

வெறுமையான கல்லறையைக் கண்டு திரும்பிய பெண்களுக்கு அத்தகைய செவி கிட்டவில்லை. அவர்கள் சொன்னது திருத்தூதர்களுக்குப் பிதற்றலாகத் தோன்றியது என்பதை எழுத லூக்கா தயங்கவுமில்லை.

ஒரு சொல்லின் உண்மை, அதைச் சொல்பவரின் வயதையும் பாலையும் பொறுத்ததா? வகுப்பறையில் இதற்கு விடை எளிது. கடலோரச் சிற்றூர்களிலோ இது உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். ஆழிப்பேரலையில் கடலூரில் இறந்தோரில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று ஆக்ஸ்பாம் நிறுவனம் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை காட்டியது. கடலுக்குச் சென்றிருந்த ஆண்களின் படகுகளை ஆழ்கடலில் அலை மேலெழுப்பி இறக்கிவிட்டுப் போயிற்று. மீனை வாங்க மணலில் காத்திருந்தவர்கள் பெண்கள். குழந்தைகளைத் தேடி ஓடியவர்களும் அவர்களே. நீந்த அவர்களுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. நனைந்த சேலை கால்களைக் கட்டிப்போட்டது. அலைக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு தெரியாது. அந்த வேறுபாட்டை நாமே முன்கூட்டி ஏற்படுத்தி வைத்திருந்தோம்.

வங்கதேசம் இப்பாடத்தை இன்னும் கசப்பாகக் கற்றது. 1970-ஆம் ஆண்டுப் புயலில் குறைந்தது 3 இலட்சம் மக்கள் மாண்டபின், அங்கே ஊர்தோறும் எச்சரிக்கைத் தொண்டர்கள் நியமிக்கப்பட்டனர். எனினும் 1991 ஏப்ரல் 29 அன்று வீசிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர்; அவர்களில் பெண்களே மிகுதி. கணவரின் அனுமதியின்றி வீட்டைவிட்டு வெளியேறத் தயங்கியோர் பலர். புயல் பாதுகாப்புக் கட்டடங்களில் பெண்களுக்கெனத் தனியிடம் இல்லாததால், அந்நிய ஆண்கள் நடுவே இரவைக் கழிக்க நாணி நின்றோர் பலர். இன்று அந்நாட்டின் 70,000-க்கு மேற்பட்ட புயல் தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். ஒரு பெண் வந்து வாசலில் நின்று அழைத்தால் இன்னொரு பெண் கதவைத் திறப்பாள் என்ற எளிய உண்மையை அறிய இத்தனை ஆண்டுகள் ஆயின. வானிலைக் கணிப்பும் கட்டடங்களும் பெருகியதற்கும் உயிரிழப்பு குறைந்ததில் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

இது இறைவனின் சித்தம், முன்னேற்பாடு செய்வது நம்பிக்கைக் குறைவு என்போர் நம்மிடையே இன்னும் உள்ளனர். எண்ணெயை உடன் எடுத்துச் சென்ற கன்னியர் ஐவரையும் ஆண்டவர் அவ்வாறு கடிந்துகொள்ளவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றுண்டு. தண்ணீர் சுமந்து, பிள்ளை வளர்த்து, கூலி வேலையும் செய்யும் பெண்மேல் பேரிடர்ப் பணியையும் ஏற்றுவது அறமா? அல்லதான். 'ஈடுபடுத்துதல்' என்ற சொல்லே நம்மை உறுத்துகிறது; ஈடுபடுத்துவோர் நாம், ஈடுபடுத்தப்படுவோர் அவர்கள் என்றாகிவிடுகிறது. வேலையைப் பகிர்ந்துவிட்டு முடிவை நம்மிடமே வைத்துக்கொண்டால் அது சுமை மட்டுமே. சிறிய குழுக்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1931-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். குருமடத்தில் நாம் இதை அரசுக்குரிய பாடமாகவே படித்தோம். பங்குத்தந்தைக்கும் இது பொருந்தும் என்று எந்தப் பேராசிரியரும் சொன்னதாக நினைவில்லை.

புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்றொரு மீனவர் ஊர். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் உள்ளே வருகிறது என்றார் தங்கை. ஓடு, மற்றவர்களிடமும் கத்திச் சொல் என்றார் அண்ணன். அந்தப் பெண்ணின் கூக்குரலை ஊர் நம்பியது. கடல்நிலை அறிவிக்கும் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஆனால் கதவு பூட்டியிருந்தது. மக்கள் அதை உடைத்து உள்ளே சென்று அறிவித்தார்கள். 3,500-க்கு மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் எவரும் இறக்கவில்லை எனச் செய்திகள் கூறின.

அந்தப் பூட்டை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு. மழைக்காலத்துக்குமுன் நம் பங்கில் ஒரு கூட்டம் நடந்தது. பேரவையினரும் ஊர்ப் பெரியவர்களும் வந்திருந்தார்கள், அனைவரும் ஆண்கள். அரிசி, படகு, மருந்து என நீண்ட பட்டியல் எழுதி முடித்து நிறைவுடன் எழுந்தோம். தேநீர்க் குவளைகளை எடுக்க வந்த பெண், "ராத்திரியில தண்ணி வந்தா மண்டபச் சாவி யாருகிட்ட சாமி இருக்கும்?" என்று கேட்டார். ஒரு சாவி அடுத்த ஊரில் குடியிருக்கும் கோயில்பிள்ளையிடம். மற்றொன்று நம் அறை மேசைக்குள். நாம் வெளியூர் சென்றால் அந்த அறையும் பூட்டியிருக்கும்.

அவரை உட்காரச் சொன்னோம். மண்டபத்துக் கழிவறை இருட்டில் இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை, எனவே கன்னிப்பெண்களை எந்தத் தாயும் அங்கே அனுப்பமாட்டாள் என்றார். அடுத்த வாரம் இளைஞர் இயக்கத்தார் தெருத்தெருவாகச் சென்று, எழுந்து நடக்க இயலாதோர் உள்ள வீடுகளைக் குறித்து வந்தனர். அவற்றுள் பல நம் பட்டியலில் இல்லை. சிலவற்றை நாம் மந்திரித்தும் இருக்கிறோம்.

சாவிகள் இப்போது கடலோரத்தில் இரண்டு வீடுகளில், பெண்களிடம் இருக்கின்றன. கதவைத் திறக்க அவர்கள் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. இதில் பேரவைப் பெரியவர் ஒருவருக்கு மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. விளக்குத்தான் இன்னும் போடவில்லை. அந்தப் பெண் ஞாயிறுதோறும் நினைவுபடுத்துகிறார்.