ஊற்றும் உரிமையும்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். தந்தை விட்டுப்போன தோட்டத்தை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வரப்புக்கு இந்தப்புறம் ஒரு கிணறு. அந்தப்புறம் ஒரு கிணறு. அண்ணன் தம் பங்கில் ஆழமாக ஒரு போர் போட்டார். அடுத்த கோடையில் தம்பியின் கிணறு வறண்டது. அவர் போய்க் கேட்டபோது அண்ணன் சொன்னார்: “என்ற தோட்டத்துல நான் போட்ட போரு. தண்ணி எறைச்சா உனக்கு என்ன, தம்பி?”

சட்டப்படி அவர் சொன்னதில் பிழை காண முடியாது. தன் நிலத்துக்குக் கீழே, தெளிந்த வாய்க்காலாக ஓடாத நீர் எதுவானாலும் அதை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம். நிலத்தடி நீரை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றிய சட்டமோ, நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. சட்டம் கிடக்கட்டும். நியாயம் என்ன?

நியாயம் பேசுவதற்கு முன்னால் கணக்குப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கிணற்றில் நீர் 4 மீட்டர் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டிப் பார்த்தால் மனம் குளிர்கிறது. ஆனால் கிணறு வெறும் பள்ளம். அதில் தெரிவது முழுதும் நீர். சுற்றிலும் இருப்பதோ பாறை. சிதைந்த பாறையின் இடுக்குகளில் தங்கி, இறைத்தால் வரக்கூடிய நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஆகவே மழை உண்மையில் பூமிக்குக் கொடுத்த வரவு 8 சென்டிமீட்டர். ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் நீர் வேண்டும். வயலில் பாய்ச்சியதில் ஒரு பகுதி திரும்பவும் கீழே இறங்கும் என்பது மெய்தான். ஆனாலும் ஓர் ஏக்கர் நெல்லுக்கு இறைப்பது 15 ஏக்கருக்கு அடியில் சேர்ந்த நீர்! மற்றப் பதினான்கு ஏக்கரும் யாருடையவை?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் இப்படித்தான் கணக்கிடுகிறது. மழைக்கு முன்னும் பின்னும் கிணறுகளை அளந்து வரவு காண்கிறார்கள். இயற்கையாகக் கசிந்து போவதற்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்குகிறார்கள். மீதியைவிட இறைப்பு மிகுந்தால் அந்தப் பகுதி அளவு மீறிச் சுரண்டப்பட்டதென்று குறிக்கிறார்கள். வரவுக்குள் செலவு செய், முதலைத் தொடாதே. குடும்பம் நடத்தும் எவருக்கும் இது விளங்கும். இதுவே அறம் என்று நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் தீஸ் என்ற அமெரிக்க நீரியல் அறிஞர். 1940-இல் அவர் எழுதியதன் சாரம் மிக எளியது. யாரும் கிணறு தோண்டாத காலத்திலும் மழை உள்ளே இறங்கியது. ஏறக்குறைய அதே அளவு வெளியேயும் சென்றது. சுனையாகச் சுரந்தது, மரத்தின் வேருக்குப் போயிற்று, மழையில்லாத மாதங்களில் ஆற்றை ஓட வைத்தது. சும்மா கிடந்த நீர் என்று ஒன்று இல்லை. நாம் இறைக்கும் ஒவ்வொரு குடமும் எங்கோ ஓர் இடத்தில் குறைந்தே தீர வேண்டும்.

அப்படியானால், ‘இவ்வளவு எடுக்கலாம்’ என்ற எண்ணைப் பூமி நமக்குச் சொல்வதில்லை. எவ்வளவு எடுத்தால் எது வற்றும் என்பதைப் பொறியாளர் சொல்வார். எது வற்றினால் பரவாயில்லை என்பதை அவர் சொல்ல முடியாது. அது நம்முடைய தீர்ப்பு. நகரத்தில் வீட்டுக்கு வீடு போர் போட்டிருக்கும் நாமும் மோட்டாரைப் போடும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பை எழுதிக்கொண்டிருக்கிறோம், இழப்பவர்களை அழைத்துக் கேட்காமலே.

“உனக்கு என்ன?” என்று கேட்டாரே அந்த அண்ணன், அது நல்ல கேள்விதான். வாயை அடைப்பதற்காகக் கேட்காமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டிருந்தால் தம்பி பதில் சொல்லியிருப்பார்.