கருவியும் கடப்பாடும்: செயற்கை நுண்ணறிவும் தொழில்நுட்பவியலாளரின் அறமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பேராறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற்பாறையினூடாக இறங்கி நிலத்தடியில் தேங்குகின்ற நன்னீரே அதன் வேளாண்மைக்கும் குடிநீருக்கும் ஆதாரமாகும். அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்பது. துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. 1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபோது அக்காவல் நீங்கியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன; உழைப்போரின் உடல் நோவு குறைந்தது. அதேவேளை, அளவின்றி இறைத்த இடங்களில் கிணறுகள் உவர்த்தன. அதற்காக எவரும் துலாவுக்குத் திரும்பிவிடவில்லை; திரும்ப வேண்டியதும் இல்லை. ஆயின், முன்னர் உடல் விதித்த எல்லையை இனி அறிவே விதித்தல் வேண்டும் என்ற உண்மை எஞ்சியது.

செயற்கை நுண்ணறிவு இன்று கணினித் தொழில்நுட்பவியலாளர் முன் வைக்கும் வினாவும் இத்தகையதே. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதன் பின்னர், ஒரு மென்பொருளாளர் ஒரு நாள் முழுதும் எழுதிய நிரலைச் சில நிமிடங்களில் எழுதித் தரும் பொறிகள் பெருகியுள்ளன. அவற்றை ஏற்பதா, மறுப்பதா என்றே பலரும் வினவுகின்றனர். எந்த நிபந்தனையில் ஏற்பது என்பதே உண்மையான வினா.

குடாநாட்டுக்கு இவ்வினா வெறும் தத்துவ விசாரம் அன்று. விளைநிலம் சிறிது, தொழிற்சாலைகள் அரிது, அரச பதவிகளோ எண்ணிக்கையில் அடங்குவன. 2009இல் போர் முடிந்தபின், ஊரைவிட்டு நீங்காமலே உலகச் சந்தையில் உழைப்பை விற்கக்கூடிய ஒருசில வழிகளுள் மென்பொருள் தொழிலும் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையிலிருந்தும், கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் பொறியியற் பீடத்திலிருந்தும் வெளிவரும் இளைஞருக்கு முதலில் கிடைப்பவை எளிய பணிகளே: பிழை தேடுதல், சோதனைகள் எழுதுதல், சிறு மாற்றங்கள் செய்தல். பொறி மிக நன்றாகச் செய்வனவும் அப்பணிகளே. எனவே, ஏணியின் அடிப்படிகள் அகற்றப்படுமாயின் மேற்படிகளுக்கு எவர் ஏறுவர் என்ற அச்சம் நியாயமானது.

புதிய கருவியை முற்றாக மறுத்தல் இம்மண்ணின் மரபன்று. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மதம் பரப்ப வந்தோர் கையாண்ட கருவியையே அவர் தம் சமயத்தையும் தமிழையும் காக்கக் கையாண்டார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்து அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அச்சு வந்ததனால் ஏடெழுதுவோரின் தொழில் மறைந்தது. பதிப்பாசிரியர் என்ற புதிய தொழில் பிறந்தது. இவ்வகையில் நோக்கின், செயற்கை நுண்ணறிவைக் கண்டு அஞ்சுவோர் வரலாற்றை மறந்தவர் என்று கூறத் தோன்றும்.

ஆயின், அவ்வாறு கூறுதல் அவசர முடிபாகும். அச்சியந்திரத்துக்கும் இப்பொறிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அச்சியந்திரம் தனக்குத் தரப்பட்ட எழுத்தையே பெருக்கியது. எது சரியான பாடம் என்று அது ஒருபோதும் கூறவில்லை. பாடபேதங்களை ஒப்பிட்டு முடிவு செய்யும் பொறுப்பு தாமோதரம்பிள்ளையிடமே இருந்தது. செயற்கை நுண்ணறிவோ பாடத்தையே தருகின்றது. பெருந்தொகையான எழுத்துக்களிற் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எது என்பதை நிகழ்தகவின்படி கணித்து அது விடையை ஆக்குகின்றது. சரியான விடையையும் பிழையான விடையையும் ஒரே உறுதியான தொனியிலேயே அது கூறும். ஏடெழுதுவோன் தடுமாறிய இடத்தைச் சிதைந்த எழுத்துக் காட்டிக்கொடுக்கும். இப்பொறி தடுமாறிய இடத்தைக் காட்டும் தடயம் எதுவும் அதன் எழுத்தில் இல்லை. ஆதலால், பதிப்பாசிரியரின் கண் முன்னெப்போதையும்விட இப்போது தேவைப்படுகின்றது.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீற்றர் நவுர் 1985இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. நிரலாக்கம் என்பது நிரலின் வரிகளை உற்பத்தி செய்வதன்று; ஒரு சிக்கலைப் பற்றிய கோட்பாட்டை நிரலாளர் தம் மனத்திற் கட்டியெழுப்புவதே அது என்பது அவர் கருத்து. அக்கோட்பாட்டை உடையோர் கலைந்து போகும்போது நிரல் உயிரிழந்து விடுகின்றது. இக்கருத்து உண்மையாயின், பொறி எழுதித் தந்த நிரலை விளங்காமல் ஏற்பவர், பிறக்கும்போதே உயிரற்ற ஒன்றையே பெறுகின்றார்.

விரைவு பற்றிய மயக்கமும் உண்டு. மெட்டர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2025இல் 16 அனுபவமிக்க மென்பொருளாளரைக் கொண்டு 246 பணிகளை ஆராய்ந்தது. அப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியபோது அவர்கள் 19 சதவீதம் கூடுதலான நேரம் எடுத்தனர். ஆயினும், தாம் ஏறத்தாழ 20 சதவீதம் விரைந்து முடித்ததாகவே நம்பினர். இச்சிறு ஆய்வு எல்லாருக்கும் எல்லாப் பணிக்கும் பொருந்துமெனக் கொள்ளுதல் கூடாது. கருவிகளும் வளர்ந்து வருகின்றன. எனினும், தன் உழைப்பைத் தானே மதிப்பிடும் ஆற்றலைக் கருவி மங்கச் செய்யலாம் என்பதை அது உணர்த்துகின்றது.

அடுத்து எழுவது பொறுப்புப் பற்றிய வினா. மருத்துவமனை ஒன்றில் மருந்தின் அளவைக் கணிக்கும் மென்பொருளைக் கருதுவோம். அதிலுள்ள ஒரு வரியைப் பொறி எழுதியது, அவ்வரி பிழைத்தது, நோயாளி துன்புற்றார். பொறியை எவரும் விசாரணைக்கு அழைத்தல் இயலாது. அதற்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. எனவே, எழுதும் வேலையைப் பொறியிடம் கையளிக்கலாம். விடை சொல்லும் கடமையைக் கையளிக்க முடியாது. 1966இல் மனிதரோடு உரையாடுவதுபோலத் தோன்றும் எலைசா என்ற நிரலை உலகுக்குக் காட்டிய ஜோசப் வைசன்பாம், பத்தாண்டு கழித்து 1976இல் எழுதிய நூலில், பொறியாற் செய்ய இயலும் என்பதாலேயே ஒன்றை அதனிடம் ஒப்படைத்தல் தகாது என்று வாதிட்டார். கருவியை ஆக்கியவரே அதன் எல்லையையும் வற்புறுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது. திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துதெளிதல் என்ற அதிகாரம் முன்னும் தெரிந்துவினையாடல் பின்னும் வைக்கப்பட்டிருத்தலும் சிந்தனைக்குரியது. ஆராய்ந்து நம்புதல் முதலில். வேலையை ஒப்படைத்தல் அதன் பின்னரே. மனிதருக்கு வகுத்த இம்முறையைப் பொறிக்குத் தளர்த்துவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கடல்கடந்த நிறுவனம் விரைவைக் கேட்கின்றது. மறுத்தால் வேலை வேறொருவருக்குப் போகும். குடும்பக் கடனைத் தோளிற் சுமக்கும் இளைஞர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் விளங்கியபின்பே அனுப்புவேன் என்று எங்ஙனம் கூறுவார்? இம்மறுப்பைப் புறக்கணித்தல் நேர்மையன்று. அறத்தின் சுமையை வலிமை குறைந்தவர் தலையில் மட்டும் ஏற்றும் அறவியல் அரைகுறையானது. கடமை அதிகாரத்தின் அளவுக்கேற்ப ஏறுதல் வேண்டும். தொழிலில் மூத்தோரும் நிறுவனம் நடத்துவோரும், பொறி மிச்சப்படுத்தும் நேரத்தில் ஒரு பங்கைப் புதியவர்களுக்குக் கற்பிப்பதற்கு ஒதுக்கக் கடமைப்பட்டவர்கள். இன்றைய வல்லுநர் பெற்றுள்ள அறிவு, முன்னொரு காலத்தில் எளிய வேலைகளிலே தவறித் தவறிக் கற்றதன் சேமிப்பு. பொறி அச்சேமிப்பிலிருந்து இறைத்தற்கு உதவும். அதனை மீள நிரப்பாது. மழைநீர் இறங்குதற்கு நிலம் வேண்டுவதுபோல, புதியவர் தவறிக் கற்பதற்கும் இடம் வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. மாணவர் பொறியைப் பயன்படுத்தினாரா என்று துப்பறிவதைவிட, சமர்ப்பித்த நிரலின் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் கூற வல்லவரா என்று நேரிற் கேட்பது சிறந்த பரீட்சையாகும். முதலாண்டில் துணையின்றிச் செய்தலும், பின்னர்த் துணையோடு செய்து அதன் பிழையைக் காணுதலும் என்ற ஒழுங்கும் பயன் தரும்.

இறுதியாக, மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், 60க்கும் மேற்பட்டோரை மருத்துவராகப் பயிற்றினார். பின்னாளிற் தமிழிலேயே கற்பித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். புதிய அறிவு ஊரின் மொழியிற் புகுந்தாலன்றி ஊருக்கு உரியதாகாது என்று அவர் கண்டார். இன்றைய பொறிகள் பயின்ற எழுத்துக்களிற் தமிழின் பங்கு மிகச் சிறிது. ஒரே கருத்தைத் தமிழில் எழுதும்போது பெரும்பாலான பொறிகள் அதனை ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக உடைத்துக் கையாள்கின்றன. துண்டுகளின் தொகைக்கேற்பவே கட்டணமும் அமைகின்றது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டதை அறிந்த சமுதாயம், எழுத்துச் சேமிப்பின் பெறுமதியை எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துக்களை மின்வடிவிற் சேர்த்து வருகின்றது. இத்தகைய பணிகளுக்குத் தம் திறனின் ஒரு பகுதியை அளிக்கும் தொழில்நுட்பவியலாளர், பிறர் செய்த பொறியை நுகர்வோர் என்ற நிலையிலிருந்து அதனைத் திருத்துவோர் என்ற நிலைக்கு உயர்கின்றார்.

எனவே, செயற்கை நுண்ணறிவை ஏற்றல் ஒரு தொழில் தந்திரம் மட்டும் அன்று. அது ஒரு கடப்பாட்டை ஏற்றலுமாகும். விளங்காததற்குத் தன் பெயரைக் கொடாமை, பின்வருவோர் கற்கும் வழியை அடையாமை, தன் மொழியைக் கருவியின் வாயிலில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே செல்லாமை என்னும் மூன்றும் அக்கடப்பாட்டின் கூறுகள். இவற்றைக் கைக்கொள்வோர் எவ்வளவு வலிய கருவியையும் அஞ்சாது கையிலெடுக்கலாம். இவற்றைக் கைவிட்டோர் எத்துணை விரைந்து உழைப்பினும், அவ்வுழைப்பிலே தமக்குரியது எது என்று கேட்கப்படும்போது விடையின்றி நிற்பர்.