ஒரு நொடியில் முப்பது முகங்கள்

அறிவியல் அளிக்கும் வசதி ஒவ்வொன்றும் ஓர் அறவினாவையும் உடன்கொண்டு வருகிறது. டிஜிட்டல் கேமராவின் அதிவேகத் தொடர்பிடிப்பு அத்தகைய வசதிகளுள் ஒன்று. பொத்தானை அழுத்திய விரலை எடுக்காதிருந்தால் போதும். நொடிக்கு 20, 30 படங்கள் பதிவாகிவிடுகின்றன. படச்சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்களே கிடைத்தன. அன்று ஒவ்வொரு படத்துக்கும் விலை இருந்தது. ஆகவே எடுப்பதற்கு முன் சிந்தனையும் இருந்தது. இன்று விலை மறைந்துவிட்டது. சிந்தனையும் அதனுடன் மறைந்துவிடலாமா என்பதே வினா.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் மாரியம்மன் ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெறும் தீமிதி இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. பிழைப்புத் தேடி நகருக்குக் குடிபெயர்ந்தோர் திருவிழாவுக்கென்றே பிள்ளைகளுடன் திரும்பி வருகின்றனர். விரதமிருந்து மஞ்சளாடை உடுத்திய பெண்ணொருத்தி தீக்குழியைக் கடக்க ஐந்து நொடிகள் ஆகலாம். அதற்குள் ஓரத்தில் நிற்கும் ஒரே கேமராவில் அவருடைய நூறு முகங்கள் சேர்ந்துவிடும்.

இவ்வசதியைப் பழித்து ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமன்று. 1878ஆம் ஆண்டில் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். அதன் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு எழும் கணம் உண்டு என்பது அப்போது ஐயமற விளங்கிற்று. மனிதக் கண் தவறவிட்ட உண்மையைத் தொடர்படங்கள் மீட்டுத் தந்தன.

ஆயினும், குதிரைக்குத் தன் படத்தைப் பற்றிய கவலை இல்லை, மனிதருக்கு உண்டு. அந்த நூறு முகங்களுள் ஒன்றில் பக்தி ஒளிரும். ஒன்றில் வேதனை தெரியும். பிறிதொன்றில் வாய் கோணிக் கண் சொருகி, காண்போர் நகைக்கும் கோலம் அமைந்துவிடும். எதுவும் பொய்யன்று. ஆனால், எந்த ஒன்றும் தனித்து நின்று அந்தப் பெண்மணி ஆகிவிடாது. எதை ஊருக்குக் காட்டுவது, எதை அழிப்பது என்னும் முடிவைக் கருவி எடுப்பதில்லை. பொத்தானை அழுத்துவதற்கு முன் இருந்த பொறுப்பு, அழுத்திய பின்னர் வந்து நிற்கிறது. அது இடம் மாறியதே தவிர, குறையவில்லை.

பால்மரம் சீவியோர் இவ்வறத்தைத் தம் தொழிலிலேயே கண்டவர்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். ஓய்வின்றிச் சீவினால் பால் வறண்டுவிடும். தருகின்றது என்பதற்காக வரம்பின்றி எடுத்தல் ஆகாது.

படமே அரிதாயிருந்த காலமும் இம்மண்ணில் உண்டு. 1948இல் அவசரகாலத்தின்போது மலாயாவில் அடையாள அட்டை முறை வந்தது. அதற்கென எடுக்கப்பட்ட படத்தில் எந்த முகம் பதிய வேண்டும் என்று பாட்டாளியை எவரும் கேட்கவில்லை. இன்று சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் மறைந்த இடங்களில் அவ்வாழ்வுக்குச் சான்றாக எஞ்சுபவை படங்களே. ஆதலால், நூற்றிலிருந்து ஒன்றைத் தேர்பவர் ஒரு சமூகத்தின் நினைவையே தேர்ந்தெடுக்கிறார்.

அன்று படச்சுருளின் விலை விதித்த அடக்கத்தை இன்று மனச்சான்றே விதித்தாக வேண்டும். படத்திலுள்ளவர் அதைக் கண்டால் தலைநிமிர்வாரா, தலைகுனிவாரா? வெளியிடுமுன் இவ்வொரு வினாவை எழுப்பிப் பார்க்க ஒரு நொடி போதும்.