கையொப்பம் யாரைக் கட்டும்?

கால்பந்தாட்டக்காரர்களின் ஒப்பந்தத் தகராறுகளுக்கும் நம் போன்றோரின் வீட்டு வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வெலிங்டனில் உறவினர் இல்லம் ஒன்றில் சில நாட்கள் தங்க நேர்ந்தபோது அவ்வெண்ணம் மாறிற்று.

அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பதினாறு வயது. நன்றாகப் பந்தாடுவான். சமவெளியிலுள்ள ஒரு பயிற்சிக் கழகம் அவனைச் சேர்த்துக்கொள்ள முன்வந்து, ஐந்து பக்க ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருந்தது. தந்தை கையொப்பம் இடவேண்டும். ஜும்ஆ தொழுது திரும்பும் வழியில் பையன் என்னிடம் கேட்டான்: “மாமா, கையெழுத்துப் போட்டபிறகு வேறு அணிக்குப் போனால் அது வாக்குத் தவறியதுதானே?” உடன் வந்த தந்தையோ, “போகவே முடியாதபடி கட்டிப்போட்டுவிட்டால் என்ன செய்வது? அதையும் கேட்டுக்கொள்” என்றார்.

இருவர் கேட்டதும் ஒரே வினாவின் இரு பக்கங்கள். மகனின் கவலை வாக்குறுதி பற்றியது. தந்தையின் கவலை விடுதலை பற்றியது.

வெலிங்டன் படைவீரர்களின் ஊர். மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இங்கேதான் உள்ளது. அம்மையத்தின் கால்பந்து அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. அவ்வணியின் கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் 1953ல் படையில் சேர்ந்தவர். 1956லும் 1960லும் ஒலிம்பிக் சென்றவர். 1962ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தவர். படைப்பணிக்குப் பின் அவர் கல்கத்தா சென்று முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று சங்கங்களுக்கும் ஆடினார். மூன்றும் களத்தில் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காதவை. மூன்றிலும் ஆடியதால் அவர்தம் புகழ் குன்றியதா? இல்லை. அணி மாறுவது தன்னளவில் குற்றமன்று. எந்த வாயில் வழியாக வெளியேறினார் என்பதே கேள்வி.

பையனின் மனத்தில் இருந்தவர் அன்வர் அலி. பஞ்சாபைச் சேர்ந்த இந்தத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு 2019ல் இதயக் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. ஆட்டமே கூடாது எனத் தடுக்கப்பட்ட அவர், நீதிமன்றம் வரை சென்று போராடி மீண்டும் களம் கண்டார். 2023ல் டெல்லி எஃப்.சி. சங்கம் அவரை நான்காண்டுகளுக்கு மோகன் பகானுக்கு இரவல் தந்தது. ஓராண்டு கழிந்ததும் அவ்வேற்பாடு முறிக்கப்பட்டது. 2024ல் அவர் ஈஸ்ட் பெங்காலுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் குழு அவருக்கு 4 மாதத் தடை விதித்தது. மோகன் பகானுக்கு அவரும் இரு சங்கங்களும் சேர்ந்து 12.9 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது. சில நாட்களுக்குள் அவ்வாணை விலக்கப்பட்டு, மறுவிசாரணைக்கு வழி பிறந்தது. அவரும் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நான் நீதிபதியல்லன். ஆயினும் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. அது ‘இரவல்’ என்ற சொல். குடையை இரவல் தரலாம். புத்தகத்தை இரவல் தரலாம். மனிதன் இரவல் தரப்படும்போது, தருபவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர், ஓடி வியர்ப்பவர் மூன்றாமவர். பிணக்கு வந்ததும் ஊரார் முதலில் ஏசுவது அந்த மூன்றாமவரையே.

நம் மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. திருமறையின் மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. ஹுதைபிய்யாவை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் எழுதப்படும் வேளையில், விலங்கோடு தப்பி வந்து நின்றார் அபூஜந்தல். மக்காவிலிருந்து வருவோரைத் திருப்பி அனுப்புவது என்பது பேசி முடிந்த நிபந்தனை. அவரை மட்டும் விட்டுத் தருமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டும் எதிர்த்தரப்பு இணங்கவில்லை. தோழர்களின் நெஞ்சம் பதறியது. ஆயினும் கொடுத்த வாக்கு நின்றது. இலாபம் வரும்போது மட்டும் காப்பது வாக்குறுதியன்று என்பதை இதனினும் தெளிவாகக் கற்பிக்க இயலாது.

எனவே, அதிகப் பணம் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கையொப்பத்தை உதறுவது தவறே. ஆனால் அத்தவற்றில் பாதி, ஆசை காட்டியவருக்குரியது. ஒருவர் பேசி முடித்த வாணிபத்தில் மற்றொருவர் குறுக்கிடலாகாது என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையே. கல்கத்தாவில் ஒரு காலத்தில், அணி மாறும் பருவம் வந்தால் ஆட்டக்காரர்களைக் கொண்டுபோய் மறைத்து வைத்துக் கையொப்பம் வாங்கும் வழக்கம் இருந்தது. மறைத்து வைத்தவர்களை விட்டுவிட்டு, மறைக்கப்பட்டவனை மட்டும் துரோகி என்பது நீதியாகாது.

இனித் தந்தையின் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஈஸ்தாம் என்பவரின் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நியூகாசில் சங்கம் அவரை விட மறுத்தது. அவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார். 1963ல் நீதிமன்றம், இத்தகைய பிடிப்பு ஒருவர் தம் தொழிலைச் செய்வதற்கு நியாயமற்ற தடை என்று கூறிற்று. பெல்ஜியத்தின் போஸ்மானும் ஒப்பந்தம் முடிந்தபின் விடுவிக்கப்படாமல் தவித்தவர். 1995 டிசம்பர் 15ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பயனால் பின்வந்தோர் பெருஞ்செல்வம் ஈட்டினர். அவரோ ஆட்ட வாழ்வை இழந்து வறுமையில் வாடினார். இவ்விருவரும் வாக்குத் தவறவில்லை. வாக்கு முடிந்த பின்னும் தங்களை உடைமையாகக் கருதியதைத்தான் எதிர்த்தனர்.

நம் நாட்டிலும் 2025ல் என்ன நேர்ந்தது? சம்மேளனத்துக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இடையிலான உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமையால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியினரின் சம்பளத்தையே நிறுத்தியது. மேலிடத்து உடன்படிக்கை ஒன்று தடுமாறியபோது, கீழே கையொப்பமிட்டவரின் அடுப்பு அணைந்தது. ஆட்டக்காரன் மீறினால் தடையும் அபராதமும்; சங்கம் நிறுத்தினால் ‘சூழ்நிலை’ என்ற ஒரு சொல். ஒரே தாளின் இரு கையொப்பங்களுக்கு இரு எடைக்கற்கள் இருக்கலாமா?

சொல்லுக்குக் கட்டுப்படுவது வேறு. ஆளுக்கு அடிமையாவது வேறு. கையொப்பம் ஒருவனின் உழைப்பைக் குறித்த காலத்துக்குக் கட்டும், அவனைக் கட்டாது. மார்க்கச் சட்டத்தில் ‘இகாலா’ என்றொரு நெறி உண்டு. செய்துகொண்ட வாணிபத்துக்காக ஒருவர் வருந்தி வந்தால், மற்றவர் மனமுவந்து அவரை விடுவிப்பது அது. விடுவிப்பவருக்கு நற்கூலியும் உண்டு. பிடித்து வைக்கும் உரிமை தமக்கு இருந்தும் விட்டுக்கொடுப்பவரே அங்குப் புகழப்படுகிறார். வாக்கைக் காப்பது எளியவனின் கடமை என்றால், கேட்டு வருபவனுக்குக் கதவைத் திறப்பது வலியவனின் கடமை.

அன்றிரவு உணவுக்குப்பின் அந்த ஐந்து பக்கங்களையும் மூவரும் சேர்ந்து படித்தோம். பையன் வெளியேற விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, காயமுற்றால் யார் பொறுப்பு, படிப்பு என்னாகும் என்ற மூன்று வினாக்களுக்கும் அதில் விடையில்லை. மறுநாளே தந்தை அவற்றைக் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். விடை வந்த பிறகே பேனாவை எடுப்பதாக முடிவாயிற்று.

பையனுக்குப் பொறுமையில்லை. “எல்லாவற்றையும் கேட்டுத் தெளிந்தபின் கையெழுத்துப் போட்டால், அப்புறம் மீறக்கூடாதுதானே மாமா?” என்று மறுபடியும் கேட்டான்.

“மீறக்கூடாது. அதற்காகத்தான் முதலிலேயே இத்தனையும் கேட்கிறோம்” என்றேன்.