வினாத்தாளில் தெரியும் முகங்கள்



குருக்ஷேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேர் வந்து நின்றபோது அர்ஜுனனுக்கு நேர்ந்தது என்ன? நா வறண்டது, உடல் நடுங்கியது, கையிலிருந்த வில் நழுவியது, நிற்பதற்கும் இயலாமல் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்டான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள் காலையில் எந்தப் பள்ளியின் வாசலுக்குச் சென்று பார்த்தாலும் இதே அறிகுறிகளைக் காணலாம். வில்லுக்குப் பதிலாகப் பேனா, அவ்வளவுதான் வேறுபாடு.

அர்ஜுனன் சரியாகத் தயார் செய்துகொள்ளாமல் வந்தவனா என்றால் அதுவும் இல்லை. துரோணரின் தலைமாணாக்கன் அவன். தவமியற்றிச் சிவபெருமானிடம் பாசுபதம் பெற்றவன். அதையும் விட ஒன்றைக் கவனியுங்கள். போருக்குச் சில காலம் முன்பு, விராட நாட்டின் எல்லையில், இதே பீஷ்மரையும் துரோணரையும் கர்ணனையும் அவன் தனியொருவனாக எதிர்த்து நின்றான், வென்றும் காட்டினான். அன்று அவன் கை நடுங்கவில்லை. அதே வில், அதே கை, எதிரே அதே மனிதர்கள். பிறகு ஏன் குருக்ஷேத்திரத்தில் மட்டும் நடுக்கம்?

விராட நாட்டில் அவன் முன் இருந்தது ஒரு பணி. கவரப்பட்ட பசுக்களை மீட்க வேண்டும். அதைத் தவிர வேறு கணக்கு அவன் மனத்தில் இல்லை. குருக்ஷேத்திரத்திலோ அவன் பணியைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தான். பாட்டனார், ஆசான், மாமன்மார், சகோதரர், பேரன்மார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இவர்கள் என்ன ஆவார்கள், இதன் முடிவில் யார் மிஞ்சுவார், குலம் என்னவாகும் என்று முடிவைப் பற்றிய கணக்கில் இறங்கினான். வில் நழுவியது அப்போதுதான்.

வகுப்புத் தேர்வில் அச்சமின்றி எழுதும் மாணவன் பொதுத்தேர்வில் அதே பாடத்தை எழுதத் தடுமாறுவதற்கும் காரணம் இதுவே. பாடம் மாறவில்லை. வினாத்தாளைக் கையில் வாங்கியவுடன் அவன் காண்பது வினாக்களை அல்ல. தந்தையின் முகம் தெரிகிறது, அம்மாவின் முகம் தெரிகிறது. சென்ற ஆண்டு 600க்கு மேல் வாங்கிய பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகமும், முடிவு வெளியான மறுகணமே தொலைபேசியில் கேட்கப்போகும் பெரியப்பாவின் முகமும் கூடத் தெரிகின்றன. இத்தனை முகங்களுக்கு அடியில் வினா எப்படிக் கண்ணில் படும்?

இந்த முகங்களை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்பதைத்தான் பெற்றோர்களாகிய நீங்கள் சிந்திக்க வேண்டும். இதைச் சொல்வதற்குப் பங்காருபேட்டையைப் போன்ற ஊர் வேறில்லை.

நாட்டின் பிற பகுதிகளில் உள்ள வாசகர்களுக்காக இவ்வூரைப் பற்றிச் சில சொற்கள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரயில் சந்திப்பு இது. மைசூர் ஆணையராக இருந்த பௌரிங் என்பவரின் பெயரால் பௌரிங்பேட்டை என்று ஒரு காலத்தில் வழங்கப்பட்டது. கோலார் தங்கவயலுக்கான கிளைப்பாதை இங்கிருந்துதான் பிரிந்து மாரிக்குப்பம் வரை செல்கிறது. வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் தங்கவயலுக்கு வந்தார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி முடிந்து மார்ச் பிறந்தபோது பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. மாணவர்களுக்கு அது தேர்வு நெருங்கும் காலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அன்று வேலையிழந்த தந்தையின் எதிரில் அமர்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த பிள்ளைகள்தாம் இன்று பெற்றோர்களாக இருக்கிறார்கள். விடியற்காலை இருட்டில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவு இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் அவர்களில் மிகப் பலர்.

அத்தகைய தந்தை தன் பிள்ளையிடம், "நான் படுகிற பாட்டைப் பார்த்தாயா? நீ ஒருவன் படித்து வந்தால்தான் இந்தக் குடும்பம் கரையேறும்" என்று சொல்கிறார். இதில் பொய் ஏதுமில்லை. அன்பும் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் இரண்டு தலைமுறையின் இழப்பையும் ஏற்றி வைக்கும் சொல் இது. கடமையைச் செய்வதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு, அதன் பலனைத் தன் ஆணைக்குள் வைத்துக்கொள்ள உரிமையில்லை என்பது கண்ணன் காட்டிய நெறி. பலனில் உரிமை செய்பவனுக்கே இல்லை என்றால், செய்பவனுடைய தந்தைக்கு எங்கிருந்து வரும்? நம்மில் பலர் கீதையைப் பாராயணம் செய்துவிட்டு, பூஜையறையிலிருந்து எழுந்து வந்தவுடன் பிள்ளையிடம் பலனைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

இந்தச் சுமை எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000க்கும் அதிகமான மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். எல்லாம் தேர்வினால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் தேர்வும் அக்காரணங்களில் ஒன்று. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், யாரிடமும் பேசாமல் ஒடுங்கினால் அதைச் சோம்பல் என்று எண்ணி அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்காக மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். வைத்தியரை நாடுவது பக்திக் குறைவு ஆகாது.

இனி மாணவர்களிடம் வருகிறேன். முகங்களை விலக்கிவிட்டுப் பணியைப் பார்ப்பது எப்படி?

தங்கவயலிலேயே இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். விண்வெளியிலிருந்து அண்டக் கதிர்கள் இடைவிடாது பூமியின் மீது பொழிகின்றன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்வதற்காகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். கருவிகளை மேலும் மேலும் ஆழத்தில் வைத்தபோது பதிவுகள் குறைந்துகொண்டே வந்தன. ஏறத்தாழ 2760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாத காலம் காத்திருந்தும் ஒரு பதிவு கூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது சுழியம். வேறு யாராக இருந்தாலும் மனம் தளர்ந்து மூட்டை கட்டியிருப்பார்கள். அவர்களோ, இவ்வளவு அமைதியான இடத்தில்தான் நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகளைத் தேட முடியும் என்று கண்டுகொண்டார்கள். மேலே உள்ள பாறை மற்றக் கதிர்களையெல்லாம் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் பாறையையும் ஊடுருவி வரும். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் ஆகிய பல்கலைக்கழகங்களின் அறிஞர்களும் உடன் சேர, 1965ஆம் ஆண்டில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் அடையாளம் அச்சுரங்கத்தின் ஆழத்தில் பதிவாயிற்று. உலகில் அதை முதன்முதலில் கண்ட இரண்டு குழுக்களில் இதுவும் ஒன்று. மற்றொன்று தென் ஆப்பிரிக்காவின் தங்கச் சுரங்கமொன்றில் பணியாற்றியது.

உங்கள் ஆயத்தத் தேர்வில் கணக்கிலோ அறிவியலிலோ மிகக் குறைந்த மதிப்பெண் வந்திருந்தால் இந்தச் சுழியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்பதைச் சொல்லும் குறிப்பு. விடைத்தாளைத் திரும்ப வாங்கி, எந்த வினாவில் எந்த வரியில் தவறினோம் என்று பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். மருந்துச் சீட்டைப் படிக்காமல் கிழிப்பதற்கு ஒப்பாகும் அது.

மற்றொன்று, ஆழம். வீட்டில் தொலைக்காட்சி ஒலிக்கும், தெருவில் ஒலிபெருக்கி, கையில் கைப்பேசி. அண்டக் கதிர்களைப் போல இவை நம்மீது பொழிந்துகொண்டே இருக்கின்றன. நிறுத்த நம்மால் இயலாது. நாம்தான் சற்று ஆழத்திற்கு இறங்க வேண்டும். மனம் அடங்காதது என்று அர்ஜுனன் முறையிட்டபோது, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது வசப்படும் என்று கண்ணன் அறிவுறுத்தினான். பயிற்சி என்பது ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், நாள்தோறும் அமர்வது. அதிகாலையில் முகம் கழுவி, இறைவனின் திருவுருவத்தின் முன் ஐந்து நிமிடம் கண்மூடி அமர்ந்து, பிறகு புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியை அந்த நேரத்திற்கு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பற்றின்மை என்பது அதுதான். காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

படிப்பது எப்படி என்பதிலும் ஒரு வார்த்தை. ஒரே பக்கத்தைப் பத்து முறை கண்ணால் ஓட்டுவது படிப்பு ஆகாது. ஒரு முறை கருத்தூன்றிப் படித்து, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். விடுபட்டதை மட்டும் மீண்டும் படியுங்கள். பழைய வினாத்தாளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுமையாக எழுதுங்கள். இரவு முழுவதும் கண்விழிப்பதைத் தவம் என்று எண்ண வேண்டாம். உணவிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவறிந்தவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் தரும் கருத்து. படித்தது மனத்தில் பதிவதற்கு உறக்கம் தேவை என்பதை இன்றைய விஞ்ஞானமும் ஏற்கிறது.

இவ்வூர்த் தாய்மார்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். கடைத்தெருவில் தெலுங்கு. பிள்ளை படிப்பது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. அவன் புத்தகத்தை எனக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. நான் என்ன உதவி செய்ய முடியும்?"

தாயே, உங்களால்தான் முடியும். இரவு உணவுக்குப் பின் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இன்றைக்கு என்னப்பா படித்தாய், எனக்குத் தமிழில் சொல்லேன்" என்று கேளுங்கள். மின்சாரம் எப்படி ஓடுகிறது, கண் எப்படிக் காண்கிறது என்று அவன் உங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். விளங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். தான் மனப்பாடம் செய்ததற்கும் தான் புரிந்துகொண்டதற்கும் உள்ள வேறுபாடு அப்போது அவனுக்கே தெரிந்துவிடும். எந்த டியூஷனிலும் இத்தகைய மாணவி அவனுக்குக் கிடைக்கமாட்டாள். அதுமட்டுமன்று, அந்த அரைமணி நேரம் அவன் காணும் தாயின் முகம், மதிப்பெண்ணைக் கேட்கும் முகமன்று, பாடத்தைக் கேட்கும் முகம். மறுநாள் வினாத்தாளில் அம்முகம் தோன்றினாலும் அவனை அச்சுறுத்தாது.

நேர்மையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கர்நாடகத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2023இல் 83.89 விழுக்காடாக இருந்தது. தேர்வறைகளைக் கேமரா வழியே நேரலையாகக் கண்காணிக்கத் தொடங்கிய 2024இல் அது 73.40 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா? கேமரா இருப்பதால் நேர்மையாக இருப்பவன் கேமராவுக்குப் பணிகிறான். எல்லா இதயங்களிலும் சாட்சியாக வீற்றிருப்பவனை நம்புகிறவனுக்குக் கேமரா ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். துண்டுச்சீட்டால் பெற்ற மதிப்பெண்ணை இறைவனுக்கு எப்படி அர்ப்பணிப்பது? அழுகிய மலரை அர்ச்சனைத் தட்டில் வைப்போமா?

அர்ச்சனை என்றே தேர்வைக் கருதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தேர்வறையில் வினாத்தாள் கைக்கு வந்ததும் ஒரு நிமிடம் கண்மூடி, "இறைவா, நான் அறிந்ததை உனக்கு எழுதுகிறேன்" என்று மனத்துள் சொல்லுங்கள். அப்போது எதிரே உள்ள முகம் ஒன்றே ஒன்று ஆகிவிடும். அறிந்த வினாவை முதலில் எழுதுங்கள். அறியாத வினா ஒன்று இருந்தால், அர்ச்சனையில் ஒரு மலர் குறைந்துவிட்டது என்று பூஜையை நிறுத்துவதில்லை அல்லவா, அப்படியே அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுங்கள். எழுதி முடித்து வெளியே வந்தபின் மரத்தடியில் கூடி விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். அர்ப்பணித்ததைத் திரும்ப எடுத்து எண்ணுவது முறையன்று. மேலும் மறுநாள் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருக்கிறது.

முடிவு எதுவாயினும் அது பிரசாதம். கோயிலில் குருக்கள் ஒருவருக்கு முழுத் தேங்காய் மூடியும் மற்றவருக்குச் சிறு துண்டும் தருகிறார். இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்குகிறோம். பிரசாதமாக ஏற்பது என்றால் அடுத்த முயற்சியை விட்டுவிடுவது என்று பொருளன்று. 2024ஆம் ஆண்டு முதல் கர்நாடகத்தில் ஒரே கல்வியாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பொதுத்தேர்வு எழுதவும், அவற்றுள் சிறந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டுள்ளது. தவறியவன் மறு வாரமே மீண்டும் அமர்ந்து படிக்கத் தொடங்கலாம், வீட்டார் அவனை நிம்மதியாக இருக்க விட்டால்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு சிறு விரதம் சொல்கிறேன். முடிவு வெளியாகும் நாளன்று வீட்டில் என்ன சமைப்பது என்பதை முந்திய இரவே பிள்ளையைக் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். அவனுக்குப் பிடித்த பாயசமோ வடையோ எதுவாயினும் சரி. காலையில் அடுப்பேற்றி விடுங்கள். எண் வந்தபின் அடுப்பை அணைக்காதீர்கள். உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு அன்று தந்தை பதில் சொல்லட்டும், பிள்ளை சாப்பிடட்டும்.